உட்காரும் உரிமை

கூட்டம் ஓய்ந்திருந்த மதிய வேளையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன சேலைகளை ஸ்டூலில் அமர்ந்து மடித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் ஒருவர், மேலாளராகிய என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றார்.

"உட்காருங்கம்மா" என்றேன்.

"பரவாயில்லை சார்" என்று நின்றபடியே அடுத்த சேலையை எடுத்தார். அவருடைய கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

கோழிக்கோடு மிட்டாய்த்தெருவின் ஜவுளிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிய பின்னர், கேரளம் 2018இல் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடும் 2021இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை நேரம் முழுவதும் ஊழியர்கள் நின்றுகொண்டே இருக்க நேராதபடி இருக்கை தரப்பட வேண்டும் என்றது.

ஸ்டூல் வாங்கிப் போடுவது எளிது. அமர்ந்திருப்பவரைப் பார்த்ததுமே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் மேற்பார்வையாளரின் பார்வையை மாற்றுவதுதான் கடினம்.

ஆடைக்கடையில் விற்பனை நாள் முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூச்சுவிட நேரமிருக்காது. வாரநாள் மதியங்களிலோ வாடிக்கையாளர்களைவிட விற்பனையாளர்களே அதிகம் இருப்பார்கள். மடிப்பது, விலைச்சீட்டு கோப்பது, இருப்பைச் சரிபார்ப்பது எல்லாம் அந்த வேளையில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலைகள். மதியம் கால்களுக்கு ஓய்வு கிடைத்தவரால்தான் இரவு எட்டு மணிக்கு வருபவருக்கும் முகம் சுளிக்காமல் சேலை விரித்துக் காட்ட முடியும்.

நாளை முதல் பணிப்பட்டியலில் இவற்றை அமர்ந்து செய்யும் வேலைகள் என்றே எழுதப்போகிறேன். அதை ஒவ்வொரு தளத்தின் மேற்பார்வையாளரிடமும் நேரில் சொல்லவும் போகிறேன்.