மூன்று, எட்டு, எண்பத்தெட்டு

பிப்ரவரி 15

1998இல் இதே நாளில், அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் தமது இருபதாவது முயற்சியில், நாஸ்கார் கார் பந்தயங்களில் மிகப் புகழ்பெற்ற டேடோனா 500ஐ வென்றார். மற்ற அணிகளின் மெக்கானிக்குகளும் கார்களைப் பழுதுபார்க்க நிறுத்தும் பிட் பாதையில் வரிசையாக நின்று, மெல்ல ஊர்ந்து வந்த அந்தக் கறுப்பு மூன்றாம் எண் காரை நோக்கிக் கை நீட்டி வாழ்த்திய காட்சியைப் பழைய ஒளிப்பதிவில் இன்று மறுபடியும் பார்த்தேன். 2004இல் இதே பிப்ரவரி 15 அன்று மகன் டேல் ஜூனியர் அதே பந்தயத்தை வென்றார். அவருக்கு அது ஐந்தாவது முயற்சிதான். ஆனால் தந்தை ஏழு முறை சூடிய, நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரின் பட்டம் மகனுக்கு ஒருமுறைகூடக் கிட்டவில்லை.

பிப்ரவரி 18

2001இல் இதே நாளில் நடந்த டேடோனா 500இன் கடைசிச் சுற்றை எழுதக் கை தயங்குகிறது. முன்னால் மைக்கேல் வால்ட்ரிப், அடுத்து ஜூனியர். இரண்டும் தந்தையின் சொந்த அணிக் கார்கள். மூன்றாவதாக வந்த தந்தை, பின்னால் நெருக்கியவர்களை மறித்து அவ்விருவருக்கும் வழி விட்டுக்கொண்டிருந்தபோது, நான்காம் வளைவில் சுவரில் மோதி இறந்தார். மகன் இரண்டாவதாக முடித்தார். அடுத்த ஞாயிறு ராக்கிங்காம் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே அவரும் சுவரில் மோதினார். அதே ஆண்டு ஜூலை 7 அன்று டேடோனாவுக்குத் திரும்பி வந்து வென்றார். அன்று அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் வால்ட்ரிப்.

பிப்ரவரி 20

எண் விஷயத்தையும் குறித்து வைக்கிறேன். ஜூனியரின் எட்டாம் எண், 1956இல் நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் பட்டம் வென்ற தாத்தா ரால்ஃப் ஓட்டிய எண். தந்தை தொடங்கிய அணியை விட்டு 2008இல் அவர் ஹென்ட்ரிக் அணிக்குப் போனபோது அந்த எண் கூட வரவில்லை. 88 என்று ஓட்டினார். குடும்பத் தொழிலில் பெயர் மட்டும்தான் கேட்காமலே கைக்கு வருகிறது போலும்.

பிப்ரவரி 23

2014இல் இன்றைய நாளில், மழையால் ஆறு மணி நேரத்துக்கும் மேல் தடைபட்ட டேடோனா 500ஐ ஜூனியர் இரண்டாம் முறை வென்றார். அன்றிரவுதான் ட்விட்டரில் எழுதத் தொடங்கி, அங்குள்ள தந்தையின் சிலையோடு தாமே எடுத்த படத்தைப் போட்டார். நடுவில் பல ஆண்டுகள் வெற்றியே இல்லாமல் தவித்தபோதும் ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை. 2003 முதல் 2017 வரை, 15 ஆண்டுகளும் மக்கள் அதிகம் விரும்பும் ஓட்டுநராக அவரையே தேர்ந்தெடுத்தனர்.

பிப்ரவரி 24

ஜூனியரின் 26 கப் வெற்றிகளைவிட என்னை ஈர்ப்பது வேறொன்று. தந்தை, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் பட்டையை விரும்பாதவர். அவர் இறந்த ஆண்டின் அக்டோபரில்தான் அத்தகைய பாதுகாப்புக் கருவி கட்டாயமாயிற்று. மகனும் தொடக்கத்தில் அதே போக்கில்தான் இருந்தார்: 2002 ஏப்ரலில் கலிபோர்னியாவில் மோதி மூளை அதிர்ச்சிக்கு உள்ளானதை செப்டம்பர் வரை மறைத்தே ஓட்டினார். பத்தாண்டு கழித்து, பட்டத்துக்கான இறுதிக் கட்டத்தில் இருந்தபோது, டல்லடேகா பந்தயத்தில் நேர்ந்த விபத்துக்குப் பின் தலை சரியில்லை என்று தாமே மருத்துவரிடம் போனார். இரண்டு பந்தயங்களைத் தவறவிட்டார். அந்த ஆண்டின் பட்ட வாய்ப்பும் அதோடு போயிற்று. 2016இல் மீண்டும் அறிகுறிகள் தெரிந்தபோது 18 பந்தயங்கள் வெளியே உட்கார்ந்து, கண்ணையும் உடலின் சமநிலையையும் மீட்கும் பயிற்சிகளைச் செய்தார். மறு ஆண்டு முழுவதும் ஓட்டி, நாற்பத்து மூன்றாம் வயதில் முழுநேரப் பந்தயத்திலிருந்து விலகினார்.