மொறிஸ் மைனரின் கார்புரேற்றர்: ஒரு திருத்தக் குறிப்பேடு

3 பெப்ரவரி 2024, சனி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் பெரியப்பாவின் கொட்டகைக்குள் நிற்கும் மொறிஸ் மைனர் 1000 காரை மீண்டும் வீதிக்குக் கொண்டுவரும் வேலையை இன்று தொடங்கினேன். 1098 சிசி கொள்ளளவுள்ள ஏ-சீரிஸ் என்ஜின். அதன் தோளில், காற்றையும் பெற்றோலையும் கலந்து அனுப்பும் ஒற்றைக் கார்புரேற்றர்; எஸ்.யு. நிறுவனத்தின் எச்.எஸ்.2 வகை. என்ஜின் கிளம்புகிறது. ஆனால் சூடானதும் தள்ளாடி நின்றுவிடுகிறது. புகைக்குழாயின் வாய் கரிப்பிடித்துக் கறுத்திருக்கிறது.

முதல் தடயம் என்ஜின் கிளம்புவதற்கு முன்னரே காதில் விழுந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் மின்சாரப் பெற்றோல் பம் "டிக் டிக்" என்று அடித்து, மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் ஓய்ந்துவிட வேண்டும். இங்கே அது ஓயவேயில்லை. ஒன்றில் பம் வழியில் காற்றை இழுக்கிறது, அல்லது நிரம்பிய கிண்ணத்திற்குள் பெற்றோல் மேலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கிண்ண மூடியின் வழிவுக் குழாயில் ஈரம் கசிந்ததைக் கண்டதும் இரண்டாவதே காரணம் என்று தெரிந்தது.

4 பெப்ரவரி, ஞாயிறு

சுதந்திர தின விடுமுறை. ஸ்ரான்லி வீதிக் கடைகள் பூட்டு. கார்புரேற்றரைத் தொடும் முன் மற்றவற்றைச் சரிபார்த்தேன். பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் கொன்ராக்ற் பொயின்ற்றின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025, வால்வு இடைவெளி 0.012. என்ஜின் தள்ளாடினால் உடனே கார்புரேற்றரின் கலவை நட்டைத் திருகுவது நம்மூரில் பலருக்கும் உள்ள பழக்கம். பொறி பிந்தி அடிக்கும் என்ஜினில் கலவையைத் திருத்தினால், பின்னர் பொறியைச் சரிசெய்யும்போது கலவையையும் மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

10 பெப்ரவரி, சனி

கழற்றினேன். எஸ்.யு.வின் அழகு அதன் எளிமை. ஓய்வு ஓட்டத்திற்கு ஒன்று, வேகத்திற்கு ஒன்று என்று தனித்தனி ஜெற்றுகள் (பெற்றோல் வெளிவரும் துளைக்குழாய்கள்) இதில் இல்லை. 0.090 அங்குலத் துளையுள்ள ஒரே ஜெற், அதற்குள் இறங்கும் கூம்பிய ஊசி, அந்த ஊசியைத் தாங்கும் பிஸ்ரன் ஆகிய மூன்றுமே எல்லா வேகத்தையும் பார்த்துக்கொள்கின்றன. என்ஜின் காற்றைக் கூடுதலாக இழுக்கும்போது பிஸ்ரன் உயர்கிறது, காற்றுவழி அகல்கிறது, ஊசியின் மெல்லிய பகுதி ஜெற்றுக்கு நேரே வருவதால் பெற்றோலும் அதற்கேற்பக் கூடுகிறது. இதை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் சப்பாத்து வணிகக் குடும்பத்தினர் என்பதால், ஆரம்பத்தில் இன்றைய பிஸ்ரனின் இடத்தில் தோலாலான துருத்தியே இருந்ததில் வியப்பில்லை.

கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கும் மிதவை வால்வின் ஊசிமுனையில், இருக்கையில் பதிந்து பதிந்து உண்டான வளையத் தடம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தது. கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் இறுகிய பசை. ஜெற்றுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் நைலோன் குழாய் விறைத்துப்போயிருந்தது. பிஸ்ரனையும் அதன் மேற்கூட்டையும் பெற்றோலால் மட்டும் கழுவித் துணியால் துடைத்தேன். அவை ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்ட சோடி; எமறித்தாள் பட்டால் பிஸ்ரனைச் சுற்றிக் காற்று கூடுதலாகக் கசிந்து, அதன் எழுச்சி அளவு தப்பிவிடும். ஊசியின் தண்டில் "ஏ.என்." என்ற முத்திரை உண்டு, இந்த என்ஜினுக்கு உரிய ஊசியும் அதுவே.

மிதவை வால்வு, காஸ்கெற்றுகள், குழாயுடன் கூடிய ஜெற் ஆகியவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்துத் தரக் கடைக்காரர் சம்மதித்தார்.

24 பெப்ரவரி, சனி

பாகங்கள் வந்தன; பூட்டினேன். அதிக நேரம் எடுத்தது ஜெற்றை மையப்படுத்தும் வேலைதான். ஜெற்றை இடத்தில் பிடிக்கும் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஜெற்றை முழுதாக மேலே ஏற்றி, பிஸ்ரனைக் கீழே அழுத்திப் பிடித்தபடி அந்தப் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பின்னர் பிஸ்ரனை உயர்த்தி விட்டால் அது தடையின்றி விழுந்து, ஜெற்றின் வாயைச் சூழ்ந்த மேடான பாலத்தில் மெல்லிய "டிக்" ஒலி எழுப்ப வேண்டும்; ஜெற்றை இறக்கிவைத்து விட்டாலும் அதே ஒலி கேட்க வேண்டும். இரண்டாவது ஒலி கூர்மையாகக் கேட்டால் மையம் தப்பியிருக்கிறது, மறுபடி தளர்த்த வேண்டியதுதான்.

பிஸ்ரன் சட்டென்று எழாமல் தடுக்கும் டாம்பருக்கு எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய் விட்டேன். ஜெற்றைப் பாலத்துடன் சமமாக்கி, அங்கிருந்து ஜெற்றின் கீழுள்ள கலவை நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது அறுகோணத்தின் பன்னிரண்டு பக்கங்கள், இறக்கினேன். சாவியைத் திருப்பியதும் பம் சில நொடி அடித்து ஓய்ந்தது.

என்ஜின் நன்றாகச் சூடான பின், கார்புரேற்றரின் கீழுள்ள சிறு முள்ளால் பிஸ்ரனை 0.8 மில்லிமீற்றர் அளவே தூக்கிப் பார்த்தேன். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூடுதல். என்ஜின் தளர்ந்து நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. நட்டை இரண்டு பக்கம் மேலேற்றியதும் மூன்றாவது நிலை கிடைத்தது.

25 பெப்ரவரி, ஞாயிறு

காங்கேசன்துறை வீதியில் ஓட்டிப் பார்த்தேன். ஓய்வு ஓட்டம் ஓரளவு ஒழுங்கு. ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றரில் வண்டி கனத்துப்போய் இழுக்கிறது. அந்த வேகத்திலேயே என்ஜினை நிறுத்தி, ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றினால் நான்கிலும் வெல்வெற்றுப் போன்ற கருங்கரி. நட்டை மேலும் ஏற்றினால் வேகத்தில் சரியாகி ஓய்வில் நின்றுவிடுகிறது. ஓய்வுக்கும் வேகத்திற்கும் நட்டு ஒன்றே. அது ஒரு முனையில் சரியாகி மறுமுனையில் பிழைத்தால், கோளாறு இரண்டுக்கும் நடுவிலுள்ள ஊசியின் வடிவத்தில்தான் இருக்க முடியும். முத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை.

2 மார்ச், சனி

லேத் பட்டறையொன்றில் மைக்குரோமீற்றர் கிடைத்தது. எஸ்.யு. ஊசியின் விட்டம் எட்டில் ஓர் அங்குலத்திற்கு ஒருமுறை அட்டவணையில் குறிக்கப்பட்டிருப்பதால், அதனோடு ஒப்பிடுவது எளிது. மேற்பகுதி அட்டவணைப்படியே இருந்தது. நடுப்பகுதியிலிருந்து ஊசி இரண்டு முதல் நான்கு தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினால் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய வளையக் கீறல்கள். தேய்மானம் இப்படிச் சுற்றிவரச் சமமாக விழாது. யாரோ கையால் செய்த வேலை.

பெரியப்பாவின் பழைய மெக்கானிக்கிடம் ஊசியைக் காட்டினேன். பார்த்ததும் சிரித்தார். "அந்த நேரம் பெற்றோல் எங்க, தம்பி, கிடைச்சது? ஊசியை டிரில்லில பூட்டி எமறித்தாளால தேய்ச்சு விட்டனாங்கள்" என்றார்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டு, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. சிறு போத்தலிலுள்ள பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஒரு பங்கு துளியாகவே உள்ளே போய், எரியாமல் என்ஜின் எண்ணெயோடு கலந்து அதையும் நீர்க்கச் செய்யும். எரிகிற பங்கு போதாமல் வண்டி இழுக்காதபோது, மொத்த அளவைக் கூட்டுவதற்கு ஊசியை மெலிப்பதே அன்றைய வழி. ஓய்வு ஓட்டத்திற்குரிய மேற்பகுதியைத் தொடாமல் விட்டதில் அவருடைய கைத்தேர்ச்சி தெரிகிறது. அளவுகருவியில்லாமல் அதைச் செய்திருக்கிறார்!

எஸ்.யு. பாகங்களை இங்கிலாந்தின் சாலிஸ்பரியிலுள்ள பேர்லன் நிறுவனம் இன்றும் தயாரிப்பதால் ஏ.என். ஊசி அரிதல்ல; கொழும்புக்குச் சொல்லிவிட்டேன்.

16 மார்ச், சனி

புதிய ஊசியின் தோளைப் பிஸ்ரனின் அடிமுகத்தோடு சமமாக வைத்துப் பூட்டி, மையத்தையும் கலவையையும் மறுபடி பார்த்தேன். 92 ஒக்ரேன் பெற்றோலில் அதே வீதியில் அதே வேகம். பிளக்குகள் இப்போது இளம் கபில நிறம். இழுவை சீராக இருக்கிறது.

எஞ்சியிருப்பது ஒன்று. என்ஜின் ஓய்வில் ஓடும்போது, காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் திரொட்டில் தண்டின் இரு முனைகளிலும் தூரிகையால் எண்ணெய் தொட்டால் ஓட்டம் சிறிது நேரம் சீராகி, பிறகு மறுபடி தடுமாறுகிறது. தண்டு தன் துளையை அகலப்படுத்தி, அவ்வழியே காற்று நுழைகிறது. புதிய தண்டு மட்டும் போட்டால் பாதி வேலைதான். கார்புரேற்றரின் உடலைத் துளைத்துப் பித்தளைப் புஷ் (தண்டு சுழலும் சிறு உருளை உறை) இறக்க வேண்டும், இரு துளைகளும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடியாது என்று லேத்காரர் சொல்லிவிட்டார். அதுவரை ஓய்வு வேகத்தைச் சற்று உயர்த்தி வைத்திருக்கிறேன்.