கம்பி ஹேங்கரில் ஒரு ரிப்பன் வளையம்

கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவில் மாட்ட ரிப்பனில் வளையம் செய்யப் போகிறேன் என்றதும் அம்மா முதலில் கேட்டது, "கதவுல மலர் வளையமா? யாரு மக்ளே செத்தா?" நாகர்கோவில் பக்கம் வளையம் என்றாலே சவப்பெட்டி மேல் வைப்பதுதான் ஞாபகம் வரும், அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குக் கோயிலில் ஊதாதான், ஆனாலும் சாவு வளையத்தை ஞாபகப்படுத்தும் ஊதாவும் வெள்ளையும் வேண்டவே வேண்டாம், சிவப்பும் பச்சையும் போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சலவைக்குப் போட்ட சட்டையோடு வந்த கம்பி ஹேங்கர் ஒன்று கிடந்தது. கொக்கியை விட்டுவிட்டு மற்றதைக் குறடால் வளைத்ததில் 11 அங்குல விட்டத்தில் ஏறக்குறைய வட்டம் என்று சொல்லும்படி வந்தது. ஒரு அங்குல அகல சாட்டின் ரிப்பன், 10 மீட்டர் ரோல், நிறத்துக்கு ஒன்று. அதை 15 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, கம்பியில் ஒவ்வொன்றாக ஒரு முடிச்சுப் போட்டு நெருக்கிக்கொண்டே போவதுதான் மொத்த வேலையும்.

சொல்ல எளிது. சாட்டின் ரிப்பன் பெரும்பாலும் பாலியஸ்டர், வெட்டிய ஓரம் அன்றைக்கே நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்துவிடும், அதனால் ஒவ்வொரு நுனியையும் மெழுகுவர்த்தியில் காட்டி உருக்க வேண்டும். 132 துண்டு, 264 நுனி! ஃபேன் ஓடினால் சுடர் நிற்காது, நிறுத்தினால் வியர்வை. முதல் பத்துத் துண்டுகளைச் சுடரின் உச்சியில் காட்டித் தொலைத்தேன், ஓரம் கரி பிடித்து மிளகு மாதிரி உருண்டுவிட்டது. பச்சையில் தெரியவில்லை, சிவப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்புறம்தான் சுடரின் அடியில், நீலமாக இருக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில், தொடாமல் ஒரு இழுப்பு இழுத்தால் போதும் என்று புரிந்தது. உருகிய ஓரத்தை உடனே விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன்.

இன்னொரு தலைவலி, வழுவழுப்பான கம்பியில் முடிச்சுகள் சுற்றிச் சுற்றிப் பின்பக்கம் போனது. முப்பது முடிச்சை அவிழ்த்து, கம்பி முழுக்கப் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றி மறுபடி ஆரம்பித்தேன். முடிச்சை இறுக்கும் கடைசி நொடியில் ஒரு நுனியை அரைத் திருப்பு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ரிப்பனின் மங்கலான பின்பக்கம்தான் வெளியே பார்க்கும்.

மூன்று ராத்திரி ஆனது. கடைசியில் மேலே, கொக்கிக்குப் பக்கத்தில், நாலு விரல் இடம் மிச்சம், ரிப்பன் காலி. வாங்கின கடைக்கே போனால் அந்தச் சிவப்பு தீர்ந்துவிட்டது, இருந்தது செங்கல் நிறம். சரி, போகட்டும் என்று தங்க நிற அகல ரிப்பனில் பெரிய 'போ' (bow) முடிச்சு ஒன்று கட்டி, இரண்டு மணியும் கோத்து, குளூ கன்னால் அந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். பார்ப்பவர்கள் எல்லோரும் அந்தப் போவைத்தான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், நான் எதுவும் சொல்வதில்லை.

கதவில் குருத்தோலைச் சிலுவை செருகியிருந்த ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன், சிலுவை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மணி இருக்கதால தப்பிச்சது" என்றார்.