கைப்பிடிக் கம்பி இல்லாத அருவி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், காட்டர்ஸ்கில் அருவிக்கு எதிரே உள்ள மரமேடையில் நின்று முப்பது படமாவது எடுத்திருப்பேன். ஒன்றும் சரிப்படவில்லை. அருவி மேல் குறை சொல்ல முடியாது. இரண்டு தட்டாக, மொத்தம் 260 அடி. சுற்றிலும் அக்டோபர் மாத மேப்பிள் மரங்கள் செக்கச்செவேலென்று நின்றன. ஆனால் படத்தின் கீழோரத்தில் கைப்பிடிக் கம்பியோ யாருடைய முதுகுப்பையோ வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது.

"க்ராப் பண்ணிடும்மா" என்றாள் மகள். பண்ணினேன். ஆளே இல்லாத காட்டில் நான் மட்டும் நின்றதுபோல ஒரு படம் கிடைத்தது. பின்னால் எழுபது பேர் வரிசையில் நின்றதும், கார் நிறுத்த இடம் கிடைக்காமல் முக்கால் மணி நேரம் சுற்றியதும் அதில் இல்லை.

இதே வேலையை 1826லேயே ஒருவர் செய்திருக்கிறார். அமெரிக்க இயற்கைக் காட்சி ஓவியர் தாமஸ் கோல் அந்த வருடம் இந்த அருவியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோது, இங்கே ஏற்கனவே சுற்றுலாக்காரர்களுக்காகக் கம்பி வேலி இருந்தது. மேலே ஓடையைத் தடுத்து வைத்து, காசு கொடுத்தால் தண்ணீர் திறந்துவிடும் வியாபாரமும் அந்த நூற்றாண்டில் இங்கே நடந்தது! கோல் வேலியைத் தூக்கிவிட்டு, பாறை விளிம்பில் ஒரே ஒரு செவ்விந்தியரை எறும்பளவில் நிறுத்திவிட்டார்.

கோலைத் தேடித்தான் நியூ ஜெர்சியிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி கேட்ஸ்கில் மலைக்கு வந்திருந்தோம். (பெயரில் இருக்கும் 'கில்' கொலை இல்லை, டச்சு மொழியில் ஓடை. மகளுக்கு இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.) போன மாதம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய 'ஆக்ஸ்போ' ஓவியத்தைப் பார்த்ததில் தொடங்கிய வினை இது. 1836இல் வரைந்தது, கிட்டத்தட்ட ஆறு அடி அகலம். இடது பக்கம் இடியும் மழையுமாகக் காடு. வலது பக்கம் வெயிலில் வயல்கள், வளைந்து திரும்பும் கனெக்டிகட் ஆறு. கீழே பாறைகளுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு குட்டி ஓவியர் திரும்பி நம்மைப் பார்க்கிறார். அவரைக் கண்டுபிடித்தது மகள். நான் அந்த ஓவியத்தை அதற்கு முன் இரண்டு தடவை பார்த்தும் கவனிக்கவில்லை.

அந்தத் தொப்பிக்காரர் கோலேதான். இங்கிலாந்தில் போல்ட்டன் என்ற பஞ்சாலை ஊரில் 1801இல் பிறந்தவர். சின்ன வயதில் துணியில் அச்சடிக்கும் கட்டைகளுக்கு வடிவம் செதுக்கும் வேலை. அந்தத் துணிக்கு 'காலிக்கோ' என்று பெயர். நம் கோழிக்கோட்டிலிருந்து போன பெயர்! 1818இல், பதினேழு வயதில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1825இல் ஹட்சன் ஆற்றின் வழியே இந்த மலைகளுக்கு வந்து போய், மூன்று ஓவியங்களை நியூயார்க்கில் ஒரு கடையில் வைத்தார். விலை ஒவ்வொன்றும் 25 டாலர். மூன்றையும் மூன்று ஓவியர்களே வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அவருக்கு ஏறுமுகம்தான்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காடு என்றால் வெட்டித் திருத்த வேண்டிய நிலம். ஆலைப் புகையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குத்தான் இது எதுவாக மாறப் போகிறது என்று தெரிந்திருக்கும். இது என் ஊகம். நானும் வெளியிலிருந்து வந்தவள் என்பதால் கொஞ்சம் சொந்தம் கொண்டாடுகிறேனோ என்னவோ.

அருவியிலிருந்து கேட்ஸ்கில் ஊருக்கு அரை மணி நேரம். 'சீடர் க்ரோவ்' என்ற மஞ்சள் வீடு, 1815இல் கட்டியது. இந்த வீட்டுப் பெண் மரியாவை 1836இல் மணந்துகொண்டு, கோல் கடைசி வரை இங்கேயே இருந்தார். உள்ளே கூடத்தின் சுவர் மேல்விளிம்பில் அவரே தீட்டிய அலங்காரப் பட்டை ஓடுகிறது. பல அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் கிடந்ததைச் சுரண்டி மீட்டிருக்கிறார்கள். ஆனால் நான் நெடுநேரம் நின்றது திண்ணையில். மேற்கே மலைத்தொடர் முழுக்க நீலமாகத் தெரிகிறது. தினமும் காபியோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தூரிகை எடுக்கத் தோன்றும் என்றார் கணவர். அவருக்கு வீட்டுச் சுவருக்கே பெயின்ட் அடிக்க வராது.

கோலின் பழைய வரைகூடம் பக்கத்திலேயே இருக்கிறது. கோல் மலையில் உட்கார்ந்து எண்ணெய் ஓவியம் தீட்டியவர் இல்லை. வண்ணம் அடைத்த டியூப் வந்ததே 1841இல்தான். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். அவர் மலையில் பென்சிலால் வரைந்து, ஓரத்தில் வண்ணக் குறிப்புகள் எழுதிக்கொள்வார். பிறகு சில காலம் அதைத் தொடவே மாட்டார். வேண்டாத சில்லறை விவரமெல்லாம் மறந்து போகட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் கித்தானில் தீட்டத் தொடங்குவார். கம்பி வேலி காணாமல் போகும் ரகசியம் இதுதான்.

எல்லாவற்றையும் அவர் இப்படி மறந்துவிடவில்லை. 1830களில் இந்தப் பள்ளத்தாக்கில் ரயில்பாதைக்காக மரங்களை வெட்டினார்கள். தோல் பதனிட ஹெம்லாக் மரங்களின் பட்டையை உரித்தது வேறு. 1836இல் தன் புரவலர் லூமன் ரீடுக்கு எழுதிய கடிதத்தில் மரம் வெட்டுகிறவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று திட்டியிருக்கிறார். அந்தச் சமயத்தில் வரைந்த 'கேட்ஸ்கில் காட்சி: முன் இலையுதிர்காலம்' ஓவியத்தில் ஓடைக்கரையில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. 1843இல் அதே இடத்தை மறுபடி வரைந்தார். முன்பக்கத்து மரங்கள் இல்லை. அடிக்கட்டைகள், கோடரியோடு ஒருவன், தூரத்தில் பாலத்தின் மேல் ஒரு பொடி ரயில். இரண்டையும் போனில் அடுத்தடுத்து வைத்து மகளிடம் காட்டினேன். "ரயிலை ஏன் க்ராப் பண்ணல?" என்று கேட்டாள்.

கோலின் பேரரசு வரிசை, வாழ்க்கைப் பயண வரிசை என்று பெரிய தத்துவ ஓவியங்களைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவை பாடம் நடத்துவதுபோல இருக்கும். இந்த அடிக்கட்டை ஓவியம் ஒன்று போதும்.

1848 பிப்ரவரியில், 47 வயதில், நுரையீரல் உறை அழற்சியில் இறந்தார். 18 வயதில் அவரிடம் படிக்க வந்த ஃபிரெடெரிக் சர்ச் பின்னாளில் ஹட்சன் ஆற்றின் எதிர்க்குன்றில் 'ஒலானா' என்று பாரசீக பாணியில் ஒரு மாளிகை கட்டினார். குருவின் வீட்டையும் சீடனின் வீட்டையும் இணைக்க, ரிப் வான் விங்கிள் பாலத்தின் ஓரமாக இப்போது நடைபாதை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அதில் நடந்தோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. மகளின் தொப்பி ஆற்றில் விழாமல் தப்பியதே பெரிது.

பாலத்தின் மேல் நான் போனைத் தூக்கிய நேரம், கிழக்குக் கரையோரமாக ஆம்ட்ராக் ரயில் ஒன்று வந்தது. படத்தில் குறுக்கே பாலத்தின் கம்பி. பெரிதாக்கிப் பார்த்தால் இடது மூலையில், கரையோடு கரையாக, நகக்கண் அளவுக்கு ரயிலும் இருக்கிறது.