வாசலில் நிற்பவர்

என் தாயார் மகர ராசி, திருவோண நட்சத்திரம். நான் மேஷம், பரணி. சனி பகவான் கும்பத்திலிருந்து மீனத்துக்கு எடுத்து வைக்கும் ஒரே அடியில் அவருக்கு ஏழரைச் சனி முடிகிறது, எனக்குத் தொடங்குகிறது. அந்த அடியை அவர் என்றைக்கு எடுத்து வைக்கிறார் என்பதுதான் 2025ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சாக இருந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. திருநள்ளாறு ஆலயம் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் 6 என்றது. இரண்டுக்கும் இடையில் பதினொரு மாதங்களுக்கு மேல் இருந்தன.

இந்தப் பதினொரு மாதங்களை அம்மா கணக்கில் எடுத்துக்கொண்ட விதம் விசித்திரமானது. என் விஷயத்தில் அவர் திருக்கணிதத்தை நம்பினார். ஆகவே எனக்குச் சனி தொடங்கிவிட்டது. தம் விஷயத்தில் வாக்கியத்தை நம்பினார். ஆகவே அவருக்குச் சனி இன்னும் முடியவில்லை. கணக்குப் பிரிவில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த மனப்பாங்கு எனக்குப் பழக்கமானதே. நஷ்டம் வரக்கூடும் என்று தெரிந்தவுடன் பேரேட்டில் எழுதிவிட வேண்டும், லாபத்தைக் கைக்கு வந்த பிறகே எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். ஆனால் அந்தப் பாடத்தை வாழ்க்கைக்குப் பயன்படுத்தினால் ஒரே வீட்டில் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஏழரைச் சனி நடக்கும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, அந்த மாதங்கள் வேடிக்கையாக இருக்கவில்லை. ஏப்ரல் தொடங்கி விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. வண்டிச் சக்கரம் பஞ்சரானாலும், அலுவலகத்தில் ஒரு கோப்பு திரும்பி வந்தாலும், மகளுக்குக் காய்ச்சல் கண்டாலும், 'தொடங்கிவிட்டது பார்' என்று மனம் உடனே முத்திரை குத்தியது. தினசரிக் காலண்டரில் சந்திராஷ்டமம், அதாவது சந்திரன் நம் ராசிக்கு எட்டாம் இடத்தில் நிற்கும் நாள், என்று போட்டிருக்கும் கட்டத்தைக் காலையில் காப்பிக்கு முன்னால் பார்க்கும் பழக்கம் வந்தது. பரணிக்குக் கேட்டை நட்சத்திர நாள் சந்திராஷ்டமம். அந்த நாளில் நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை, அதனாலேயே எல்லோருக்கும் என்மேல் வருத்தம் வந்தது. மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, 'மனசுல என்ன கவலை?' என்று கேட்டபோது, இன்னும் வந்தாரா இல்லையா என்றே தெரியாத ஒருவரைப் பற்றிய கவலை என்று எப்படிச் சொல்வது?

ஜோதிடம் பொய் என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. என் தந்தை ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர். கோள்சாரம் என்பது பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியிலிருந்து இன்றைய கிரகங்களை எண்ணிப் பார்ப்பது, அது ஜாதகத்தின் தசாபுத்திக்கு, அதாவது வாழ்க்கையைக் கிரகங்களின் ஆட்சிக் காலங்களாகப் பிரிக்கும் கணக்குக்கு, அடுத்த நிலையிலேயே பேசும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சனி பன்னிரண்டில் இருந்தால் விரயச் சனி, ஒன்றில் ஜென்மச் சனி, இரண்டில் பாதச் சனி, நான்கில் அர்த்தாஷ்டமச் சனி, ஏழில் கண்டகச் சனி, எட்டில் அஷ்டமச் சனி. ஒரு ராசியைக் கடக்க அவருக்குச் சுமார் இரண்டரை ஆண்டு, பன்னிரண்டையும் சுற்றி வர ஏறத்தாழ முப்பது ஆண்டு. ஒருநாள் மூன்று மணி விழிப்பில் இதைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். சனி எங்கே நின்றாலும் பன்னிரண்டு ராசியில் ஆறு ராசிக்காரர்களுக்கு இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று பொருந்தும். ஊரில் பாதிப் பேர் எப்போதும் சனியின் பிடியில்தான் இருக்கிறார்கள். மூன்று, ஆறு, பதினொன்று ஆகிய இடங்களில் மட்டுமே அவர் முழுமையாக நல்லவர் என்பதால், தயக்கமில்லாமல் சிரிக்க உரிமை பெற்றவர்கள் கால் பங்கினரே. கூட்டிப் பார்த்த பிறகு சிறிது நேரம் தூங்கினேன்.

திருநள்ளாறு போகலாம் என்று அம்மாதான் சொன்னார். பெயர்ச்சி நாளில் பல லட்சம் பேர் கூடுவார்கள், எழுபத்திரண்டு வயதில் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் ஒரு சாதாரண நாளில் போய்விடலாம் என்பது அவருடைய ஏற்பாடு. ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திருச்சியில் ரயில் ஏறி மயிலாடுதுறையில் இறங்கினோம். அங்கிருந்து பேரளம், அம்பகரத்தூர் வழியாகக் காரைக்கால் செல்லும் பேருந்து. வழியெங்கும் காவிரியின் கடைமடை வயல்கள். எல்லை தாண்டிப் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்ததைச் சாலையோர மதுக்கடைப் பலகைகள் அறிவித்தன. அவற்றைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரவு விடுதியில் தங்கி, மறுநாள் விடியும் முன்னரே நள தீர்த்தத்துக்குப் போனோம். தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு குளிப்பதுதான் இங்கே முறை. சனியால் நாடும் உருவமும் இழந்து அலைந்த நளன் இந்தக் குளத்தில் நீராடி, தர்ப்பாரண்யேஸ்வரரை வழிபட்டுப் பிடி நீங்கினான் என்பது தலபுராணம். நளவெண்பாவைப் படித்தவர்களுக்கு ஒரு சிறு நெருடல் தோன்றும். அதில் நளனைப் பிடிப்பவன் கலி. கால் கழுவியபோது நனையாமல் விட்ட இடத்தைக் கண்டு அவன் உள்ளே புகுகிறான். இத்தலத்தின் நம்பிக்கையில் கலியின் இடத்தில் சனி வந்து அமர்ந்திருக்கிறார். எனக்கு அந்த நனையாத குதிகால்தான் குளத்தில் நினைவுக்கு வந்தது. பெரிய அரசனை வீழ்த்த அவ்வளவு சிறிய இடம் போதுமாக இருந்திருக்கிறது. படியில் உட்கார்ந்து இரண்டு குதிகால்களையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அம்மா கவனித்துவிட்டார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. உடுத்திய துணியைக் குளத்தில் விடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தும், படியோரம் ஈரத் துணிகள் சுருண்டு கிடந்தன. தம் பீடையைப் பிறர் காலில் படும்படி விட்டுச் செல்வது எந்தப் பரிகாரத்தில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

கோயிலின் உள்ளே போனதும் கூட்டம் ஒரே திசையில் சாய்வதைக் காணலாம். இது சிவாலயம். மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், தர்ப்பைக் காட்டில் எழுந்தருளியவர். சப்த விடங்கத் தலங்களில் ஒன்று என்பதால் தியாகராஜர் இங்கே நகவிடங்கராக உன்மத்த நடனத்தில் இருக்கிறார். மூலவரையும் அம்பாளையும் வணங்கிய பின்னரே சனி பகவானிடம் வர வேண்டும் என்பது முறையாக இருந்தும், பலரும் எள் பொட்டலத்தையும் விளக்கையும் கையில் ஏந்திக்கொண்டு நேராகச் சனி சந்நிதியைத்தான் தேடுகிறார்கள். நாங்கள் மூலவரின் வரிசையில் நின்றோம். அந்த வரிசை சிறியது.

வரிசையில் நிற்கும்போது அம்மா மெல்லிய குரலில் கோளறு பதிகத்தைச் சொல்லத் தொடங்கினார். அவருக்கு அது மனப்பாடம். எனக்கும் தெரிந்ததுதான் என்றாலும் அது பிறந்த சந்தர்ப்பத்தை அன்றுதான் நிதானமாக நினைத்துப் பார்த்தேன். சம்பந்தர் திருமறைக்காட்டில், அதாவது இங்கிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால் வரும் இன்றைய வேதாரண்யத்தில் இருந்தபோது, மதுரைக்கு வரும்படி பாண்டிமாதேவியின் அழைப்பு வருகிறது. நாளும் கோளும் சரியில்லை, போக வேண்டாம் என்று தடுப்பவர் வேறு யாருமல்லர், அப்பர். தாம் சமணர்களால் பட்ட துன்பம் அப்பருக்குத் தெரியும்; அந்த அச்சம் அன்பிலிருந்து பிறந்தது. சம்பந்தர் அதை மறுத்து வாதிடவில்லை. ஞாயிறு முதல் பாம்பிரண்டு வரை ஒன்பது கோள்களையும் பெயர் சொல்லி அழைத்து, அவை அடியாருக்கு 'ஆசறு நல்லநல்ல' என்று பாடிவிட்டுப் புறப்படுகிறார். மதுரையில் சமணர்களுடன் அனல் வாதம், அதாவது ஏடுகளை நெருப்பில் இட்டு எது வேகாமல் நிற்கிறது என்று பார்க்கும் போட்டி, நடக்கிறது. தாம் முன்பு பாடிய பதிகங்களின் ஏட்டில் கயிறு சாத்தி, கயிறு விழுந்த இடத்தைப் பிரித்துப் பார்க்க, 'போகமார்த்த பூண்முலையாள்' எனத் தொடங்கும் பதிகம் வருகிறது. நெருப்பில் இட்டும் வேகாமல் பச்சையாகவே நின்றதால் அதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர். அது இந்தத் திருநள்ளாற்றின் பதிகம். கோள் சரியில்லை என்று தடுக்கப்பட்ட பயணத்தில் வென்று கொடுத்த பாட்டு, இன்று நாம் கோளுக்கு அஞ்சி ஓடி வரும் ஊரின் பாட்டு என்பது என்னைச் சிறிது நேரம் பேச்சற்றவனாக்கியது.

இக்கோயிலில் கணக்கர் ஒருவரின் கதையும் உண்டு, அதை நான் தவிர்க்க முடியாது. இறைவனின் அபிஷேகத்துக்கு இடையன் ஒருவன் நாள்தோறும் பால் கொண்டுவந்து கொடுக்க அரசன் ஏற்பாடு செய்திருந்தான். கோயில் கணக்கன் அந்தப் பாலைத் தன் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டு, கோயிலுக்கு வந்ததாகப் பொய்க் கணக்கு எழுதினான். இடையனையும் மிரட்டி வைத்தான். இறைவன் விடுத்த சூலம் கணக்கனின் தலையை வீழ்த்தியது. சூலத்துக்கு வழிவிட்டதால்தான் பலிபீடம் சற்று விலகி இருக்கிறது என்று சொல்வார்கள். விலகிய பலிபீடத்தை அம்மாவுக்குக் காட்டி இந்தக் கதையைச் சொன்னேன். அவர் பலிபீடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சனி பகவானின் சந்நிதி, மூலவரைத் தரிசிக்கச் செல்லும் வாசலை ஒட்டிச் சிறியதாக இருக்கிறது. நளன் உள்ளே போனபோது சிவனுக்கு அஞ்சித் தொடர முடியாமல் சனி வாசலிலேயே நின்றுவிட்டார் என்பது ஐதிகம். அச்சுறுத்துபவராக நாம் நினைத்திருப்பவர் இங்கே அபயம் காட்டி நிற்கிறார். நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் நின்று வணங்கும்படி பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் அதைச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். சந்நிதியின் முன் கிடைத்த சில நொடிகளில் நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை, வேண்டுவதற்குள் நகர்ந்தாகிவிட்டது.

வெளிப் பிராகாரத்தில் ஓய்வாக உட்கார்ந்திருந்த வயதான குருக்கள் ஒருவரிடம், இரண்டு பஞ்சாங்கத்தில் எது சரி என்று அம்மா கேட்டார். கேட்காமல் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். "கோயிலுக்கு வாக்கியந்தாம்மா. பரம்பரையா அதுதான்" என்றார் அவர். அது எனக்கும் ஓரளவு தெரிந்ததுதான். எழுத்துகளையே எண்களாகக் கொண்டு முன்னோர் இயற்றிய வாக்கியங்களை வைத்துக் கணிப்பது வாக்கியம். வானத்தில் கிரகம் இன்று காணப்படும் இடத்தோடு பொருந்தும்படி திருத்திக் கணிப்பது திருக்கணிதம். குருப் பெயர்ச்சியில் இரண்டுக்கும் சில நாட்களே வித்தியாசம் வந்தது. சனி மெதுவாக நகர்பவர் என்பதால் சில பாகை வேறுபட்டாலே மாதக் கணக்கில் தள்ளிப்போகிறது. 2023இலும் இதே கதைதான். திருக்கணிதப்படி ஜனவரியில் கும்பத்துக்குப் போனவருக்கு இங்கே டிசம்பர் 20 அன்றுதான் பெயர்ச்சி விழா நடந்தது.

"அப்ப இவனுக்கு இன்னும் ஆரம்பிக்கலையா சாமி?" என்றார் அம்மா.

"கோயில் கணக்குப்படி இல்லை."

"எனக்கு?"

"உங்களுக்கு மாசி வரைக்கும் இருக்கு." பிறகு அவர் என்னைப் பார்த்து, "திருக்கணிதம் பாக்கறவா கணக்குல அம்மாவுக்கு விட்டாச்சு. அவாவா குடும்ப வழக்கம் எதுவோ அதையே ரெண்டு பேருக்கும் வெச்சுக்கணும். ஆளுக்கு ஒண்ணு பாக்கப்படாது" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே திருச்சியிலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரே பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டால், எதைப் பிடித்தாலும், எங்களில் ஒருவர் விடுபட்டவர். வாக்கியம் என்றால் நான். திருக்கணிதம் என்றால் அம்மா. இருவரும் சேர்ந்து அகப்பட்டுக்கொள்வது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அது எங்கள் வீட்டில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. என் தந்தை வாக்கியம் பார்ப்பவர் என்று நான் நினைவூட்டியதும் அம்மா நெடுநேரம் யோசித்து, "சரி, அப்ப வாக்கியமே இருக்கட்டும். நான் சுமக்கறேன்" என்றார். மகனுக்கு விடுமுறை தர, தமக்குப் பாதச் சனியை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொண்டார். அவருடைய சனி 2017 டிசம்பரில் தொடங்கியது. அதற்குள் முழங்கால் அறுவை சிகிச்சையையும் கொரோனாக் காலத்தையும் பார்த்துவிட்டவருக்கு ஆறு மாதம் பெரிதாகத் தெரியவில்லை போலும். என் முதல் சுற்று 1990களின் பிற்பாதியில் வந்தது. அந்த ஆண்டுகளில்தான் தந்தை காலமானார், அந்த ஆண்டுகளிலேயே எனக்கு வேலை கிடைத்தது. நாங்கள் அதை மங்கு சனி என்று மட்டுமே எழுதி வைத்திருக்கிறோம்.

அன்று இரவு விடுதியில் நான் விடியும்வரை தூங்கினேன். சனி பகவான் அருளியதா, அலைந்த களைப்பா, குருக்களின் கணக்கா என்று பிரித்துப் பார்க்கும் ஆர்வம் எனக்கு இல்லை.

ஞாயிறு காலை பேருந்தில் திரும்பும்போது அம்மா சன்னலோரம் அமர்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்பகரத்தூர் தாண்டிய பிறகு, ஏதோ நெடுநேரமாக மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தவர்போல என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, அந்தக் கணக்கன், பால் திருடினானே, அவன் என்ன ராசியா இருந்திருப்பான்?"