அத்தா மௌத்துக்கு அப்புறம் சொத்து பிரிச்ச கதை

அத்தா (அப்பா) 2021ல மௌத் ஆனாங்க, அதாவது இறந்துட்டாங்க. அம்மா, நான், தம்பி, தங்கச்சி, வாரிசு அவ்ளோதான், தாத்தா பாட்டி யாரும் இல்ல. இருந்தது ஒரு வீடும் பேங்க்ல 6 லட்சம் எஃப்டியும். எஃப்டிக்கு நாமினி நான். பேங்க்ல டெத் சர்டிபிகேட்டும் ஆதாரும் குடுத்ததும் பணம் என் அக்கவுண்ட்டுக்கே வந்துருச்சு, சொந்தத்துல பாதி பேர் "அத்தா உன் பேருக்குத்தான எழுதிருக்காரு, அப்ப உனக்குத்தான்"னு சொன்னாங்க, எனக்கும் அப்ப அது சரியாத்தான் பட்டுச்சு.

எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துட்ட (மார்க்க அறிஞர்) கேட்டப்பதான் தெரிஞ்சுது. நாமினிங்குறவர் பணத்த வாங்கி வாரிசுகளுக்கு ஒப்படைக்கற ஆளு மட்டும்தான், ஷரீஅத்தும் (இஸ்லாமிய சட்டம்) அப்படித்தான், கோர்ட்டும் பேங்க் டெபாசிட் விஷயத்துல அதையேதான் சொல்லுது. அதோட அவர் கேட்ட ஒரு கேள்விய நாங்க யாருமே யோசிக்கல: "அம்மாவோட மஹர் குடுத்தாச்சா?"

மஹர்னா கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணுக்கு குடுக்க வேண்டியது. ஜமாஅத் தஃப்தர (பதிவேடு) எடுத்து பாத்தா 1981ல நடந்த நிக்காஹ் (கல்யாணம்), மஹர் 5 பவுன்னு மங்கின மையில இருக்கு. அம்மாட்ட கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அதெல்லாம் யாருப்பா குடுத்தா"ன்னாங்க. குடுக்காத மஹர் அத்தா மேல உள்ள கடன். குர்ஆன்ல பாகம் சொல்ற இடத்துலயே வஸிய்யத்தும் (உயில்) கடனும் போக மீதிதான்னு வருது. நாங்க பாகம் பிரிச்ச அன்னைக்கு இருந்த விலைக்கு 5 பவுன் கிட்டத்தட்ட 1 லட்சத்து 80 ஆயிரம், கஃபன் துணி, அடக்க செலவு 20 ஆயிரம், அது போக மீதி 4 லட்சம்.

அத 40 பங்காக்குனோம். அம்மாவுக்கு எட்டுல ஒண்ணு, அதாவது 5 பங்கு, எனக்கும் தம்பிக்கும் 14, 14, தங்கச்சிக்கு அதுல பாதி, 7. அம்மா கைக்கு 50 ஆயிரம், எங்களுக்கு தலைக்கு 1 லட்சத்து 40 ஆயிரம், தங்கச்சிக்கு 70 ஆயிரம். எஃப்டில ஏறியிருந்த வட்டிய தனியா எடுத்து, நன்மைய எதிர்பாக்காம ஏழைங்களுக்கு குடுத்துருங்கன்னு ஹஜ்ரத் சொன்னாரு, அப்படியே செஞ்சோம்.

வீட்டு விஷயம்தான் ரொம்ப இழுத்துச்சு. தாசில்தார் ஆபீஸ்ல வாங்குன வாரிசு சான்றிதழ்ல பேர் மட்டும்தான் இருக்கும், யாருக்கு எவ்ளோ பாகம்னு இருக்காது. பத்திரம் எழுதுறவர் என்ன பண்ணாருன்னா தங்கச்சிட்ட கேக்காமயே அவ பேர்ல விடுதலைப் பத்திரம் (தன் பங்க விட்டுக் குடுக்கற பத்திரம்) டைப் பண்ணி வச்சிருந்தாரு, பொம்பளப் புள்ளைங்க எழுதிக் குடுக்கறதுதான் வழக்கம்னாரு. அவளும் "அண்ணனுகளே வச்சுக்கட்டும்"னு பேனாவ எடுத்துட்டா. எனக்கு அங்கதான் மனசு கேக்கல. அது நபியோட மனைவி ஆயிஷாம்மா காலத்துல இருந்து அல்லா குடுத்த ஹக்கு (உரிமை), நம்ம நாட்டு சட்டமும் 1937ல ஷரீஅத் சட்டம்னே போட்டு வச்சிருக்கு, விவசாய நிலத்துக்கு அதுல இருந்த விலக்கையும் 1949லயே மதராஸ் மாகாணத்துல எடுத்தாச்சு, அப்ப வயல்னா கூட பொண்ணுக்கு பங்கு உண்டு. வாயில வந்த வழக்கத்துக்காக அத எப்படி விட சொல்றது? "மொதல்ல உன் பேருக்கு வரட்டும்மா, அப்புறம் நீ யாருக்கு வேணாலும் குடு"ன்னுட்டேன்.

பத்திரத்த திரும்ப எழுத வச்சு, நாலு பேர் பாகத்தையும் 40ல இத்தனைன்னு போட்டு பதிஞ்சோம். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து தங்கச்சி தன் பேர் இருந்த பக்கத்த விரல் வச்சு ரெண்டு தடவ படிச்சா. இன்னைக்கு வரைக்கும் அந்த 7 பங்கும் அவ பேர்லதான் இருக்கு.