வயிற்று மாத்திரை காக்காத இடம்

முதுகுவலிக்காக இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக டைக்ளோஃபெனாக் மாத்திரையை ஏறக்குறைய நாள்தோறும் எடுத்து வந்தேன். கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோலும் எடுத்ததாலும், ஒருநாள் கூட வயிறு எரியாததாலும், வயிற்றுக்கு எந்தக் கேடும் இல்லை என்றே உறுதியாக நம்பினேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு செய்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் கலந்திருப்பதும் தெரிந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டிலும் குறை எதுவும் தென்படவில்லை. அதன் பிறகுதான் மருத்துவர் என் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி மாத்திரையை நான் ஒரு மருந்தாகவே கருதாமல், படிவத்தில் எழுதாமல் விட்டிருந்தேன். இந்த வகை மாத்திரைகள் வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும்போது, குடலின் உட்சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன என்றும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்குமே தவிர அதற்குக் கீழே உள்ள சிறுகுடலைக் காக்காது என்றும் அவர் விளக்கினார். டைக்ளோஃபெனாக் பித்தநீரோடு மீண்டும் குடலுக்கே திரும்பி வருவதால், அந்தச் சவ்வு மறுபடியும் மறுபடியும் அதன் தாக்குதலுக்கு உள்ளாகிறது. வழக்கமான இரண்டு குழாய்களும் எட்டாத அந்த நீண்ட பகுதியைப் பார்ப்பதற்காகவே, சிறு கேமரா உள்ள மாத்திரையை விழுங்கி உள்ளே படமெடுக்கும் கேப்சூல் எண்டோஸ்கோபி செய்யச் சொன்னார்.

அதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் இருந்தது. நீண்ட நாள் வலி மாத்திரை எடுத்தவர்களுக்குக் குடலில் வளையம் போன்ற சவ்வுத் தடுப்புகள் உருவாகி வழி குறுகியிருக்கலாம். அங்கே கேமரா சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். ஆகவே, அதே அளவுள்ள, சிக்கினாலும் தானே கரைந்துவிடும் போலிக் கேப்சூலை முதலில் விழுங்கினேன். அது முழுதாக வெளியேறிய பிறகே தேதி குறித்தார்கள். இந்தப் படியைத் தவிர்க்காத அந்த மருத்துவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். குடலைக் கறுப்பாக்கி படத்தை மறைக்கும் என்பதால், இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள்.

முதல் நாள் மாலை பேதி மருந்து, பிறகு இரவு முழுவதும் பட்டினி. காலையில் வயிற்றின் மேல் உணர்விகளை ஒட்டி, இடுப்பில் பதிவுக் கருவியைக் கட்டினார்கள். காந்தம் பொருத்திய பெட்டியிலிருந்து எடுத்த கணமே கேப்சூல் மின்னத் தொடங்கியது. சுமார் 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அதை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரும், நான்கு மணி நேரம் கழித்துச் சிறிது உணவும் அனுமதித்தார்கள். எட்டு மணி நேரத்தில் கருவியைக் கழற்றினார்கள். கேப்சூல் வெளியேறியது உறுதியாகும் வரை எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்கள்.

ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து மருத்துவர் எனக்குக் காட்டியது ஆறே ஆறு. வெல்வெட் துணி போன்ற இளஞ்சிவப்புச் சவ்வின் நடுவே, சிவந்த விளிம்பும் வெண்மையான அடித்தளமும் கொண்ட வட்டப் புண்கள். அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் மெல்லிய கோடாக இரத்தம் கசிந்திருந்தது. எனக்கு வலியே தராமல் அது அங்கே இருந்திருக்கிறது.

அன்றே டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு இரும்புச்சத்தைத் தொடர்ந்தேன். நான்காம் மாதம் ஹீமோகுளோபின் 12.4 ஆனது. முதுகுவலி முழுதாகப் போகவில்லை. உடற்பயிற்சியாலும், தேவைப்படும்போது பாராசிட்டமாலாலும் சமாளித்து வருகிறேன்.